குளிரில் உறையாத எண்ணெய்

தலவாக்கலையிலிருந்து நுவரெலியாப் பக்கம் ஏறும் பாதையில் இருந்தது எங்கள் தோட்டம். அந்தக் குளிரில் தேங்காய் எண்ணெய் வருஷத்தின் பெரும்பாலான நாட்கள் போத்தலுக்குள் வெள்ளைக் கட்டியாக உறைந்தே கிடக்கும். தலைக்கு வைப்பதென்றால் போத்தலை அடுப்போரம் சாய்த்து வைத்து இளக வைக்க வேண்டும். அவசரத்துக்கு ஈர்க்குச்சியால் குத்தி எடுத்து உள்ளங்கையில் தேய்ப்போம். அதனால், தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் பங்களாக் குசினியில் ஒரு தை மாதக் காலையில் அவர் மனைவி, துரைசாணி, ஒரு தகர டின்னைச் சாய்த்து, இளம் பச்சை கலந்த மஞ்சள் நிறத்தில் தண்ணீர் மாதிரி ஓடிய ஒன்றை வாணலியில் ஊற்றியபோது, அது எண்ணெய் என்றே எனக்குத் தோன்றவில்லை.

இலங்கை சுதந்திரம் பெற்று நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. எங்களுக்கு அந்தச் சுதந்திரத்தோடு கிடைத்தது, நீங்கள் இந்த நாட்டுக்காரர்கள் இல்லை என்ற சட்டம் மட்டும்தான். ஆனால் அன்றைக்கு அதைப் பற்றி நினைக்க நேரமில்லை. எனக்குப் பதினெட்டு வயது. அம்மாவும் அப்பாவும் ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்திருந்தார்கள். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் எங்களுக்கு ஒரே ஒரு அறை, ஒரு காம்பரா. அதில் நானும், அக்காவும், அக்காவின் மகளும். அக்காவின் புருஷன் மழைநாளில் மரம் வெட்டப் போய், அந்த மரத்துக்கே இரையாகிவிட்டார். அப்போது பிள்ளைக்கு நடை வந்திருக்கவில்லை. அக்கா கொழுந்து எடுத்தாள். மலையில் அவளைப் போல இரண்டு கையாலும் எடுக்கக்கூடியவர்கள் குறைவு என்று கங்காணியே சொல்வார். என்னைப் பங்களாவில் பாத்திரம் கழுவ எடுத்தது, அங்கே இருந்த பெண் கல்யாணமாகிப் போய்விட்டதால்.

குசினியின் அதிகாரம் அப்புவின் கையில் இருந்தது. தலைமைச் சமையல்காரரை அப்படித்தான் கூப்பிடுவோம். காலிப் பக்கத்துச் சிங்களவர், மூன்று துரைமார்களுக்குச் சமைத்தவர். துரைசாணி குசினிக்குள் வருவதே அவருக்குப் பிடிக்காது. அந்த டின் எண்ணெயைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

"இது மெசினுக்குப் போடுற எண்ணெய் தங்கச்சி. வாசம் பார், ஒண்ணும் இல்லை. வாசம் இல்லாத எண்ணெய் என்ன எண்ணெய்?" என்பார் என்னிடம், அவருடைய தமிழில்.

அது உண்மைதான். அந்த எண்ணெய்க்கு வாசமே இல்லை. துரைசாணி அதில் மீன் பொரித்தால் மீன்தான் மணக்கும், உருளைக்கிழங்கு பொரித்தால் கிழங்குதான் மணக்கும். அடுப்பு எவ்வளவு எரிந்தாலும் சட்டென்று புகையாது. பச்சை இலைகளைப் பிய்த்துப் போட்டு, தேசிக்காய் பிழிந்து, மேலே அதைப் பச்சையாகவே ஊற்றிச் சாப்பிடுவார். முட்டை மஞ்சள் கருவில் துளித்துளியாக விட்டு அடித்து, வெண்ணெய் போலக் கெட்டியாக ஒன்று செய்வார். அதைப் பார்க்க மட்டும் அப்பு மெதுவாகப் பக்கத்தில் வந்து நிற்பார்.

துரைசாணி இங்கிலீஷ்காரி இல்லை. துரை சண்டைக்காலத்தில் பட்டாளத்தோடு இத்தாலிக்குப் போனவர். அங்கே ஒரு மலைக் கிராமத்தில் இவரைக் கண்டு கட்டிக்கொண்டு, சண்டை முடிந்ததும் இங்கே கூட்டி வந்துவிட்டார். மற்ற தோட்டத்துத் துரைசாணிகள் இவரோடு அதிகம் பழகவில்லை. கிளப்புக்குப் போய்விட்டு வரும் நாட்களில் காரை விட்டு இறங்கியதும் நேரே குசினிக்குத்தான் வருவார், காலணியைக்கூடக் கழற்றாமல். ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நான் வெங்காயம் உரிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார். எங்களுடைய தமிழை அப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் படித்தார். நாங்கள் அவரிடம் பேசியது "வாங்க, போங்க" என்பதால், அவரும் தோட்டக்காரன் முதல் நாய் வரைக்கும் எல்லோரையும் "வாங்க, போங்க" என்றே சொன்னார். அதற்குத் துரை கோபித்துக்கொண்டார். துரைசாணி மாற்றவில்லை.

அந்த எண்ணெய் எதிலிருந்து வருகிறது என்று ஒருநாள் கேட்டேன்.

"திராட்சை. உள்ள இருக்கு இல்லியா, கொட்டை? அது," என்றார். "எங்க அப்பா மில் வச்சிருக்காங்க. சாராயம் பண்ணி மிச்சம் கொட்டை. எல்லாரும் வீசுவாங்க. எங்க அப்பா எண்ணெய் எடுப்பாங்க."

வருஷத்தில் ஒன்றிரண்டு முறை கப்பலில் பெட்டி வரும். வைக்கோல் சுற்றிய டின்கள். ஒரு டின் சமையலுக்கு. இன்னொன்றிலிருந்து சிறிய போத்தலில் ஊற்றித் தன் அறைக்கு எடுத்துப் போவார். மத்தியானத்தில் குளித்துவிட்டு வந்து முகத்திலும் கழுத்திலும் தடவுவார். பளபளக்காது. கொஞ்ச நேரத்தில் தோல் குடித்துவிடும். உதடு வெடிக்கும் மாதங்களில் தேன்மெழுகைச் சூடாக்கி அதில் கலந்து ஒரு சிமிழில் ஆறவைப்பார். அந்தச் சிமிழைக் குசினி ஜன்னலில் வைத்து, "எல்லாருக்கும்" என்றார். அப்பு யாரும் பார்க்காத நேரத்தில் அதிலிருந்து எடுத்துத் தன் குதிகாலுக்குப் போடுவதை நான் பார்த்தேன். கேட்டால், "நோனா சொன்னது, அதான்" என்றார், துரைசாணியைத் தன் சிங்களத்தில் குறிப்பிட்டு.

என் கையைத்தான் துரைசாணி முதலில் பார்த்தார். சோடாக்காரம் போட்டுப் பாத்திரம் விளக்கி என் விரல் இடுக்கெல்லாம் சிவந்து கிடந்தது. கையைப் பிடித்து இழுத்து எண்ணெய் தடவிவிட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. வாய் சும்மா இருக்காமல், "என் கை பரவாயில்லீங்கம்மா. எங்க அக்கா கையப் பாத்தா என்ன சொல்லுவீங்களோ," என்று சொல்லிவிட்டேன்.

அக்காவின் கை அப்படித்தான் இருந்தது. எங்கள் பக்கத்தில் தை, மாசியில் உறைபனி விழும். விடியற்காலையில் தேயிலை இலையின் மேல் பனி உப்பு மாதிரி பூத்திருக்கும். அதற்குள் கையை விட்டு விட்டுக் கொழுந்து ஒடிக்க வேண்டும். கொழுந்தின் கறை விரலில் கறுப்பாக ஏறி, தோல் காய்ந்து, பிறகு ரேகை ரேகையாகப் பிளக்கும். பிளந்த இடத்தில் மறுநாள் மறுபடி குளிர், மறுபடி கறை. லயத்தில் எல்லோரும் மெழுகுவர்த்தியை உருக்கி அந்த வெடிப்புக்குள் சொட்டு விடுவார்கள். அக்கா சொட்டு விழும்போது பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்ப்பாள்.

அன்று சாயங்காலம் துரைசாணி ஒரு மருந்துப் போத்தலில் எண்ணெயை நிரப்பி, "அக்காவுக்கு. ராத்திரி கை கழுவி, துடைச்சு, அப்புறம் போடச் சொல்லுங்க," என்று கொடுத்தார்.

அக்கா போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மூடியைத் திறந்து மோந்தாள். நாக்கில் ஒரு துளி வைத்தாள்.

"திங்கலாமாடி இத?"

"அவங்க சமைக்கிறதே இதுலதான்."

முதல்நாள் கைக்குத்தான் போட்டுக்கொண்டாள். எரிச்சல் அடங்கிவிட்டதாகச் சொன்னாள். மறுநாள் நான் வேலை முடிந்து வந்தபோது காம்பராவில் கருவாடு பொரிக்கும் மணம். பிள்ளை காய்ச்சலில் கிடந்து எழுந்து, எதைக் கொடுத்தாலும் வேண்டாமென்று தலையைத் திருப்பிக்கொண்டிருந்த சமயம். அக்கா அந்த எண்ணெய் முழுவதையும் தாச்சியில் ஊற்றி நெத்தலிக் கருவாடும் வெங்காயமும் பொரித்திருந்தாள். பிள்ளை ரொட்டியைக் கிள்ளிக் கிள்ளி அதில் ஒற்றித் தின்றுகொண்டிருந்தாள். வாயெல்லாம் எண்ணெய்.

"ஏங்க்கா, கைக்குன்னு குடுத்தது."

"கை எங்கடி ஓடிப் போவுது? புள்ள மூணு நாளா ஒண்ணும் திங்கல. இன்னைக்கித் தின்னுது பாரு," என்றாள். பிள்ளையின் வாயைத் துடைத்துவிட்டு, அந்த எண்ணெய்ப் பிசுக்கைத் தன் விரல் வெடிப்பில் தேய்த்துக்கொண்டாள். "இதோ, கைக்கும் ஆச்சு."

அடுத்த நாள் துரைசாணி, "அக்கா கை எப்படி?" என்று கேட்டபோது நடந்ததைச் சொன்னேன். கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு சொன்னார்: "எங்க அம்மாவும் இப்படி. சண்டை நேரம். நல்ல எண்ணெய் எங்கயும் இல்ல. இந்த எண்ணெய் ஒரு போத்தல். என் தங்கச்சி கால் முழுக்கப் புண்ணு. கால்ல போடலாமா, சூப்புல போடலாமா? அம்மா சூப்புல போட்டாங்க."

"தங்கச்சிக்கு நல்லாயிருச்சாங்கம்மா?"

"இல்ல. அந்தக் குளிர்லயே போயிட்டாங்க."

தங்கச்சியையும் "போயிட்டாங்க" என்றுதான் சொன்னார். அதன் பிறகு மாதா மாதம் இரண்டு போத்தல்கள் எங்கள் காம்பராவுக்கு வந்தன. ஒன்று பெரிது, ஒன்று சிறிது. எது எதற்கு என்று அவர் சொல்லவில்லை. அந்தக் குளிர்காலம் முழுவதும் அக்காவின் கையில் ரத்தம் வரவில்லை. பக்கத்துக் காம்பராக்காரிகள் வந்து அவள் கையைத் தடவிப் பார்த்துவிட்டுப் போவார்கள். "பங்களா எண்ணெய்" என்று அதற்குப் பேர் வைத்தார்கள். சிலர் அதைச் சொன்ன விதம் நல்லதாக இல்லை.

அடுத்த வருஷம் பெட்டி வரவில்லை. துரைசாணியின் அப்பா இறந்துபோனார். துரைசாணியின் தமையன் நிலத்தையும் மில்லையும் விற்றுவிட்டு நகரத்துக்குப் போய்விட்டார். இந்தச் சேதி வந்த அன்று துரைசாணி அழுததை நான் பார்க்கவில்லை. அலமாரியிலிருந்த கடைசி டின்னை எடுத்துக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்ததைத்தான் பார்த்தேன். பிறகு அதைத் திரும்ப வைத்துவிட்டு, அப்புவிடம் இனி எல்லாவற்றையும் வெண்ணெயிலும் தேங்காய் எண்ணெயிலும் சமைக்கச் சொன்னார். கடைசி டின்னும் எப்படியோ தீர்ந்தது.

அதற்கடுத்த தை மாதம் குளிர் மோசமாக இருந்தது. பனியில் ஒரு மலைத் தேயிலையே கருகிப்போனது. அக்காவின் வலது ஆள்காட்டி விரலில் விழுந்த பிளவு மூடவே இல்லை. மெழுகு விட்டாள், மஞ்சள் அரைத்துப் போட்டாள், துணியைக் கிழித்துக் கட்டிக்கொண்டு மலைக்குப் போனாள். துணி பனியில் நனைந்து நாள் முழுவதும் ஈரமாகவே இருக்கும். ஒரு கிழமைக்குள் விரல் வீங்கி மினுங்கத் தொடங்கியது. தோட்டத்து மருந்துக்கடையில் கழுவிக் கட்டினார்கள். வேலைக்குப் போகாதே என்றும் சொன்னார்கள். அவள் ஒருநாள் நின்றாள். மறுநாள் போய்விட்டாள்.

"நின்னா யாருடி சோறு போடுவா?" என்றாள். நான் இருக்கிறேன் என்று சொன்னேன். அவள் சிரித்தாள்.

காய்ச்சலில் பிதற்ற ஆரம்பித்த பிறகுதான் லொறியில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். விரலை அடியோடு எடுத்துவிட்டார்கள். எடுக்காவிட்டால் கையே போயிருக்கும் என்றார் டாக்டர். அக்கா கண் விழித்ததும் கட்டுப் போட்ட கையைத் தூக்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். "எந்த வெரலுடி?" என்று கேட்டாள். சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டாள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்தால்தான் கொழுந்து ஒடியும்.

பங்களாவில் இதைச் சொன்னபோது துரைசாணியின் முகம் வெளுத்துவிட்டது. "எண்ணெய் இருந்தா?" என்றார். இருந்திருந்தால் விரல் தப்பியிருக்குமோ என்னவோ, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அவர் அதையே மறுபடி மறுபடி கேட்டார். என்னிடம் கேட்டார், அப்புவிடம் கேட்டார். கொழும்பில் பெரிய கடைகளுக்கெல்லாம் எழுதிப் போட்டார். ஒலிவ் எண்ணெய் இருக்கிறது, அவர் கேட்பது இல்லை என்று பதில் வந்தது. எனக்கு எந்த எண்ணெயானாலும் ஒன்றுதான் என்று தோன்றியது. அவருக்கு அப்படி இல்லை.

ஆடி கழிந்து விடுமுறைக்கு யாழ்ப்பாணம் போயிருந்த, தோட்டத்து ஆபீஸ் பெரிய கிளாக்கரின் மனைவி, ஊரிலிருந்து ஒரு பனையோலைக் கூடை நிறையத் திராட்சை கொண்டுவந்தார். அவருடைய தகப்பன் வீட்டு வளவில் பந்தல் போட்டிருந்தார்களாம். அதில் ஒரு குலையைத் தட்டில் வைத்து, மரியாதைக்குப் பங்களாவுக்குக் கொடுத்தனுப்பினார். துரைசாணி அதைக் கையில் எடுத்தவர், ஒரு பழத்தைப் பிதுக்கி உள்ளே பார்த்தார். கொட்டை இருந்தது. என்னையும் கூட்டிக்கொண்டு நேரே கிளாக்கர் குவாட்டர்ஸுக்கு நடந்தார்.

கிளாக்கர் அம்மா பதறிப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"கொட்டையே? கொட்டையை வைச்சு என்ன செய்யப் போறா?" என்று தன் யாழ்ப்பாணத் தமிழில் என்னிடம் மெல்லக் கேட்டார்.

"எண்ணெ எடுக்கணுமாம், அம்மா."

"உதுக்குள்ள எண்ணெய் கிடக்கோ! இவ்வளவு காலமும் துப்பியெல்லோ போட்டனாங்கள்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் நல்ல மனசுக்காரி. அன்றைக்கே கூடையை அப்படியே கொடுத்தார். பிறகு ஊருக்குச் சொல்லியனுப்பி இன்னும் இரண்டு கூடை ரயிலில் வரவழைத்தார். துரைசாணி பழத்தை நசுக்கிக் காய்ச்சி ஜாம் ஆக்கி, போத்தல்களில் நிரப்பிக் கிளாக்கர் வீட்டுக்கே திருப்பி அனுப்பினார். கொட்டையை நாங்கள் பிரித்துக் கழுவினோம். வெயில் இல்லாததால் அடுப்புக்கு மேலே தட்டில் பரப்பி உலர்த்தினோம். கொட்டை குவியும்போது பெரிதாகத் தெரிந்தது. காய்ந்ததும் இரண்டு கை நிறைய வரவில்லை.

அவற்றை இளஞ்சூட்டில் வறுத்து உரலில் போட்டு இடித்தேன். பிள்ளைக்குப் பொரிகடலை இடிப்பது போல இல்லை. கல் மாதிரி இருந்தது. இடித்து முடித்ததும் சுடுநீர் தெளித்துப் பிசைந்து, துணியில் கட்டி, நானும் அப்புவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து முறுக்கினோம். அப்பு பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கியதில் அவர் கழுத்து நரம்பு புடைத்தது. கடைசியில் கலங்கலாக ஏதோ சொட்டியது. அதைத் தெளியவைத்து மேலாக எடுத்தபோது, ஒரு சின்ன மருந்துப் போத்தலின் அடி மறைந்தது. அவ்வளவுதான்.

அப்பு அந்தப் போத்தலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அநியாயம்," என்றார். "மூணு கூடை பழம்." ஆனால் சக்கையை எறியாமல் எடுத்து வைத்துக்கொண்டார்.

துரைசாணி அதை என்னிடம் கொடுத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு, "வாங்க," என்றார். லயத்துக்கு எந்தத் துரைசாணியும் வந்து நாங்கள் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஆட்கள் எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். பிள்ளைகள் பின்னாலேயே ஓடிவந்தார்கள். பெண்கள் வாசலில் எழுந்து நின்று முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள். கழிவுநீர் ஓடும் காண் ஓரமாகச் சேற்றில் நடந்து, எங்கள் காம்பரா வாசலில் அவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

அக்கா திகைத்துப்போய்ச் சுவரோடு ஒட்டி நின்றாள். "கூப்பிட்டிருந்தா நானே வந்திருப்பேனேங்கம்மா," என்றாள்.

"கை குடுங்க," என்றார் துரைசாணி.

புண் ஆறி மாதங்கள் ஆகியிருந்தன; மறுநாள்தான் அக்கா மறுபடி மலைக்குப் போவதாக இருந்தாள். விரல் இருந்த இடத்தில் தோல் இறுகி, வெள்ளையாகச் சுருங்கி, குளிர் நேரத்தில் எலும்புக்குள் குத்தும் என்று அக்கா சொல்வாள். துரைசாணி அந்த இடத்தில் இரண்டு துளி விட்டுத் தன் கட்டைவிரலால் வட்டமாகத் தேய்த்தார். மெதுவாக, அவசரமில்லாமல் தேய்த்தார். லயமே பார்த்துக்கொண்டிருந்தது. அக்கா தலையைத் தூக்கவே இல்லை. அக்காவின் மகள் மட்டும் அருகே வந்து துரைசாணியின் மழைக்கோட்டுப் பித்தானைத் தொட்டுப் பார்த்தாள்.

துரைசாணி போன பிறகு அக்கா அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "நல்ல மனுசி," என்றாள். பிறகு, "எங்க ஆத்தாகூட இப்படித் தேச்சு விட்டதில்ல," என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா அந்த வெரலு வரப்போவுதா? நாளைக்கி மலைக்கிப் போனா கங்காணி என்ன சொல்லுவாரு?" என்றாள். நான் அடுப்பைப் பற்றவைக்கப் போனேன்.

கங்காணி சொல்லத்தான் செய்தார். அக்கா இடது கையால் மட்டும் எடுத்துப் பழகப் பார்த்தும் எடை வரவில்லை. நாள்தோறும் அரைப்பேர், அதாவது பாதிநாள் வேலையாகத்தான் எழுதினார்கள். புல்வெட்டுக்கு மாற்றினார்கள். சுரண்டியின் பிடியை அந்தக் கை இறுக்கிப் பிடிக்க மாட்டேன் என்றது. "பங்களாக்காரிக்கு மலை எதுக்கும்மா? அங்கேயே போய் ஒக்கார வேண்டியதுதானே," என்று கங்காணி எல்லோர் முன்னாலும் கேட்டாராம். சிரித்தவர்களில், முன்பு அவள் கையைத் தடவிப் பார்க்க வந்தவர்களும் இருந்தார்கள் என்று அக்கா சொன்னாள்.

துரைசாணி அக்காவைப் பங்களா வேலைக்கு எடுக்கச் சொல்லித் துரையிடம் கேட்டார். சாப்பாட்டு அறைக்குள் அவர்கள் பேசியது குசினி வரைக்கும் கேட்டது. வார்த்தை எனக்குப் புரியவில்லை. துரை சத்தம் போடவில்லை. அவர் எப்போதுமே சத்தம் போடுகிறவர் இல்லை. ஒரே மாதிரியான தணிந்த குரலில் எதையோ விளக்கினார். துரைசாணியின் குரல்தான் ஏறிக்கொண்டே போய், தன்னுடைய பாஷைக்குத் தாவி, பிறகு நின்றுவிட்டது.

குசினிக்கு வந்தவர் என்னிடம் சொன்னார்: "லயத்துக்கு நான் போனது தப்பாம். கிளப்புல எல்லாம் பேசுறாங்களாம். இப்ப அக்காவ எடுத்தா இன்னும் பேசுவாங்களாம்." கொஞ்சம் நிறுத்தி, "என்னால முடியல. மன்னிச்சுக்குங்க," என்றார். ஒரு துரைசாணி அப்படிச் சொன்னால் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. "பரவாயில்லீங்கம்மா" என்றேன். பரவாயில்லை என்று நான் நினைக்கவில்லை.

எங்கள் தாய்மாமா நோர்வூட்டில் ஒரு தோட்டத்தில் இருந்தார். இந்த நாட்டில் இனி நமக்கு இடமில்லை என்று முடிவுகட்டி, இந்தியாவில் முசிறிப் பக்கம் சொந்த ஊருக்கே போக ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். அக்காவையும் பிள்ளையையும் தன்னோடு சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியனுப்பினார். எனக்கு அப்போதுதான் தேயிலை அரைக்கும் ஸ்டோரில் வேலை செய்த ஒருவரோடு கல்யாணப் பேச்சு முடிந்திருந்தது. அதனால் நான் போவதில்லை என்றானது. அக்கா அதைப் பற்றி அழவில்லை, என்னையும் அழவிடவில்லை. அவள் பார்த்தே இராத ஊர் அது. "அங்க குளிராதாம்ல?" என்று மட்டும் மாமாவிடம் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

தலவாக்கலை ஸ்டேஷனில் வண்டி நிற்பது கொஞ்ச நேரம்தான். மாமாவின் ஆட்கள் ஹட்டனில் ஏறிக்கொள்வதாக ஏற்பாடு. கம்பளியும் பாத்திரமும் கட்டிய மூட்டையை ஏற்றிவிட்டு, பிள்ளையைத் தூக்கி ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். அக்கா வலது கையை முந்தானைக்குள் மறைத்தே வைத்திருந்தாள். வண்டி நகரும்போது என்னைப் பிடிக்க இடது கையைத்தான் நீட்டினாள்.

"வேளைக்கித் தின்னுடி," என்றாள். அதுதான் அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது.

துரைசாணியும் அதிக நாள் இருக்கவில்லை. அடுத்த மழைக்காலத்தில் அவர் குசினிக்கு வருவது குறைந்து, பிறகு அறையை விட்டு வருவதே குறைந்தது. சாப்பாட்டுத் தட்டு தொடப்படாமல் திரும்பி வரும். துரைசாணி செய்வதைத் தான் நின்று பார்த்த அந்த முட்டைக் கெட்டியை அப்பு வேறு எண்ணெயில் அடித்து அனுப்பிப் பார்த்தார். அதுவும் திரும்பி வந்தது. அப்பு அதை வெளியே கொட்டாமல் நின்றுகொண்டே தின்றார். ஊருக்கு ஒரு மாதம் போய்விட்டு வருவதாகச் சொல்லித் துரைசாணி கப்பலேறினார். போகும்போது தன் மழைக்கோட்டை எனக்குக் கொடுத்தார். அவர் திரும்பி வரவில்லை. துரை இன்னும் சில வருஷம் தனியாக இருந்தார். பிறகு தோட்டம் கைமாறியது, அவரும் போனார்.

எனக்குக் கல்யாணமாகி, பிறகு தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை கிடைத்தது. தாய்மார் மலைக்குப் போகும்போது விட்டுப் போகும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. பசி தெரியாமல் வைத்திருக்கவும், குளிரில் தோல் வெடிக்காமல் எண்ணெய் தடவவும் வேண்டும். ஸ்டோரிலிருந்து கொடுத்தது தேங்காய் எண்ணெய்தான். காலையில் முதல் வேலையாக அதை இளக்குவேன்.

அக்காவைப் பற்றி நாங்கள் கேள்விப்பட்டதெல்லாம் ஊருக்குப் போய் வந்தவர்கள் சொன்னதுதான். செங்கல் சூளையில் வேலை செய்தாள் என்றார்கள். வெயிலில் கறுத்துப்போனாள் என்றார்கள். அங்கே அவளை "சிலோன்காரி" என்று கூப்பிட்டார்களாம்.

நாடு விட்டு நாடு ஆட்களை அனுப்ப இந்தியா, இலங்கை இரண்டு அரசாங்கமும் பேசி முடித்துவிட்டன என்று லயமெல்லாம் கலங்கிக்கொண்டிருந்த சமயத்தில்தான், அவள் இறந்துபோன சேதியை மாமா மகன் ஒருவன் கொண்டுவந்தான். காய்ச்சலாம். நடந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. மகளை அதற்கு முன்னாலேயே நல்ல இடத்தில் கட்டிக்கொடுத்துவிட்டாளாம். அவன் சொல்லிக்கொண்டிருந்தபோது விடிந்திருக்கவில்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குத் தப்பு அடித்தார்கள். ஆட்கள் கூடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். நான் அவனுக்கு ஒரு கோப்பைத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு, பிள்ளைக் காம்பராவின் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். கதவைத் திறக்கும் முன்பே ஒருத்தி கைப்பிள்ளையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். பிள்ளை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. வாங்கித் தோளில் போட்டுக்கொண்டேன்.